இதை அணைக்கக் கூடாது

ஆறாவது இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது அவள் கண் தானாகப் பக்கத்து இயந்திரத்துக்குப் போனது. ஆறு முடிந்தது என்ற நிம்மதி வரவில்லை. அடுத்தது ஏழு.

ஏழின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, ஒட்டுநாடா பழுப்பேறிப் போயிருந்தது. தடித்த எழுத்தில் இரண்டே வரிகள்.

‘இதை அணைக்கக் கூடாது. மீறினால் பொறுப்பு உங்களுடையது.’

முதல் வரியைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது வரிதான் பதினொரு மாதமாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது. எழுதியவர் யாரோ, என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் பயந்திருக்கலாம். சொல்லாததால் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு சர்வர்கள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருந்தன. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஆய்வகத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இவற்றின் வழியாகத்தான் மாடியிலிருக்கும் வார்டுகளுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் போகும். அந்த நிரல்களை அடியிலிருந்து தாங்கி ஓடவைக்கும் ரன்டைம் பழசாகிவிட்டது. அதில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் யாரும் நுழைந்துவிடலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மாதமாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பழைய ரன்டைம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மருத்துவமனையின் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள்.

வேலை அடுப்பை மாற்றுவது போலத்தான். ஆனால் மேலே கொதித்துக்கொண்டிருக்கும் சமையல் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. ஒவ்வோர் இயந்திரமாக வரிசையிலிருந்து விலக்கி, அணைத்து, புது ரன்டைமோடு எழுப்பி, சோதித்து, மறுபடி வரிசையில் சேர்க்க வேண்டும். அவள் எதையும் இரண்டு முறை சோதிப்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ரெண்டு தடவை’.

கைபேசி அடித்தது. மேலாளர்.

“எதுவரைக்கும் வந்திருக்கு?”

“ஆறு முடிஞ்சுது சார்.”

“அடுத்தது?”

“எட்டு சார்.”

அவரும் எண்ணத் தெரிந்தவர்தான்.

“ஏழைக் கடைசியில பாத்துக்கலாம்னு சொல்ற. சரி, சரி, அதுவும் ஒரு முறைதான். ஆனா ஒண்ணு. மேல தியேட்டர்ல பதினொரு மணிக்குப் பெரிய ஆபரேஷன். ரிப்போர்ட் மட்டும் நின்னுச்சு, நாளைக்கு நீ வர வேண்டாம். நானும் வர முடியாது.”

அவள் பணி நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கதவருகே வாளி உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். துப்புரவு அக்கா நடைபாதையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். ஒன்பது வருடமாக அந்தத் தளத்தில் வேலை செய்கிறவள்.

“என்னம்மா, இன்னிக்கு நீயே கீழ எறங்கி வந்துட்ட? உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாங்களே. மேல உக்காந்தே தட்டிடுவீங்களே.”

“இன்னிக்குப் பக்கத்துல இருந்து பாக்கணும்னு உத்தரவுக்கா.”

“பாரு, பாரு. தரை ஈரமா இருக்கு, பாத்து நட. ஏற்கெனவே மூஞ்சி வெளுத்துப்போய்க் கெடக்கு.”

வாளிச் சத்தம் நகர்ந்து போனது.

எட்டு, ஒன்பது, பத்து என்று அவள் முன்னேறினாள். ஒவ்வொன்றிலும் பச்சை விளக்கு வந்தது. வரவர அவளுக்குப் பயம் கூடியது. தப்பு நடந்தால் திருத்தலாம். தப்பே நடக்காவிட்டால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

பன்னிரண்டாவதும் முடிந்தபோது மணி பத்தேகால். ஏழு மட்டும் பாக்கி.

தனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் எழுதிவைத்த ஒப்படைப்புக் குறிப்பைத் திறந்தாள். முப்பது பக்கம். அதில் ஏழுக்கு மட்டும் ஒன்பது பக்கம். அவளுக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் இன்னொரு முறை படித்தாள்.

‘ஏழு: கடவுச்சொல் தெரியவில்லை. என்ன செய்கிறது என்று தெரியவில்லை. மற்றவற்றைவிட எப்போதும் சூடாக இருக்கும்.’

‘ஏழின் பின்னால் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கம்பி போகிறது. பயன் தெரியவில்லை. அறுக்க வேண்டாம்.’

‘ஏழைச் சுற்றி ஈரப்பதம் தினமும் பதினொன்றரை மணிக்கு ஏறி, மூன்று மணிக்குள் இறங்கிவிடும். ஞாயிறு விதிவிலக்கு. காரணம் ஆராயப்படுகிறது.’

அதற்குக் கீழே நான்கு வருடத்துக்கான வரைபடம் இருந்தது. வாரத்துக்கு ஆறு முகடு, ஒரு பள்ளம். அத்தனை ஒழுங்கைப் பார்க்கும்போது அவளுக்கு ரோமம் சிலிர்த்தது. உயிருள்ளதுதானே இப்படி மூச்சு விடும்?

அவரையே கூப்பிட்டாள்.

“ஐயா, நான்தான். ஏழுல ரன்டைம் மாத்தணும்.”

“தொட்டுட்டியா?” என்றார் அவர்.

“இன்னும் இல்லை.”

“நல்லவேளை. நாலு வருஷம் அந்தக் காகிதத்தோட படத்தை மேல என் மேசையில வச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நான் வேலையையே ஆரம்பிப்பேன்.”

“அதை எழுதினது நீங்க இல்லையா?”

“நானா? நான் வரும்போதே இருந்துச்சும்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதியிருப்பார். பெரிய மூளைக்காரர். காரணமில்லாம எழுதுவாரா?”

“அவர்கிட்டக் கேட்டீங்களா?”

“கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வெளிநாடு போயிட்டார். ஏன் அவ்வளவு அவசரமாப் போனார்னு யோசிச்சா, அதுவும் பயமா இருக்கு.”

அவர் வைத்துவிட்டார். அவளுக்குத் தன் பிறந்த வீடு நினைவுக்கு வந்தது. அங்கே கூடத்தில் ஒரு சுவிட்ச்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. “தொட்டா என்னப்பா ஆகும்?” என்று கேட்டால், “தொட்டாத்தானே தெரியும்” என்பார் அப்பா. வீட்டை விற்றபோது புதிதாக வந்தவர்களிடம் சாவியோடு சேர்த்து அந்த சுவிட்சையும் பத்திரமாக ஒப்படைத்தார். அவர்களும் இன்றுவரை தொடவில்லை என்று கேள்வி. பயத்தை யாரும் சொந்தமாகச் சம்பாதிப்பதில்லை, பிறரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றி என்ன? கை முன்னால் போகவில்லை.

பத்தரைக்குத் தொல்லை தொடங்கியது.

பன்னிரண்டு இயந்திரங்களும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றை ஒன்று நலம் விசாரித்துக்கொள்ளும். பத்தரை வரை பழைய முறையில் வரும் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவள் புது ரன்டைமுக்குக் கெடு வைத்திருந்தாள். கெடு முடிந்தது. மற்ற பதினொன்றும் ஏழிடம் புது முறையில் கேட்டன. ஏழு பழைய முறையில் பதில் சொன்னது. இது நோயாளி என்று முடிவு கட்டி, பதினொன்றும் விடாமல் கேட்க ஆரம்பித்தன.

ஆய்வகத்திலிருந்து டெக்னீஷியன் கூப்பிட்டாள். வயதில் மூத்தவள், சளசளவென்று பேசுகிறவள்.

“ஏம்மா, ரிப்போர்ட் அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. என்ன பண்ற அங்க?”

“ரெண்டே நிமிஷம்கா.”

“உன் ரெண்டு நிமிஷம்னா நாலு நிமிஷம்னு எனக்குத் தெரியாதா?”

ஏழை வரிசையிலிருந்து நீக்கினால் போதும். ஆனால் நீக்கினால் அது தானாகவே அணைந்துவிடும். அணைக்கக் கூடாது. ஆகவே அவள் ஏழைத் தொடாமல் ஆறைத் தொட்டாள். பழையது, புதியது இரண்டையும் ஆறில் போட்டு, ஏழுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்தாள். நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொள்ள அரை நிமிடம் கிடைத்தது.

மற்ற பத்து இயந்திரங்களும் தங்கள் கேள்விகளை ஆறிடம் கொண்டுபோய்க் கொட்டின. ஆறு திணறியது. விளக்கு மஞ்சளானது. உதவிக்கு எட்டையும் மொழிபெயர்ப்பாளராக்கினாள். ஆறு சொன்னதை எட்டு ஒருமுறை சொன்னது. எட்டு சொன்னதை ஆறு ஒருமுறை சொன்னது.

“அம்மா தாயே,” என்று மறுபடி டெக்னீஷியன். “இப்போ எல்லா ரிப்போர்ட்டும் ரெண்டு ரெண்டாப் போகுதாம். மூணாவது மாடியில ஒரு தாத்தாவுக்கு ரெண்டு தடவை சர்க்கரை வந்திருக்கு, மனுஷன் ஆடிப்போயிட்டார். உன் பேருக்கு ஏத்த மாதிரி மெஷினையும் பழக்கிட்டியா?”

“இதோ நிறுத்திடறேன்கா.”

நிறுத்தினாள். ஆறும் எட்டும் சேர்ந்து நின்றன. ஒரே சமயத்தில் இரண்டு இயந்திரம் விழுந்தால், தப்பான தகவல் பதிவாகிவிடாமல் மொத்த அமைப்பும் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அவளே போன மாதம் எழுதிய பாதுகாப்பு விதி. அன்று அதற்காக மேலாளர் கைகூடத் தட்டினார்.

திரை முழுவதும் சிவப்பானது. மணி பத்து ஐம்பது.

எங்கோ மேலே ஒருவர் மேசையில் படுத்துக்கொண்டு கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் பயந்துகொண்டுதான் இருப்பார். அவருக்காவது எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியும்.

“தாளில எழுதிக் கொண்டுபோறேன்,” என்றாள் டெக்னீஷியன் போனில். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. “மூணு மாடி. லிஃப்ட் வர நேரமாகும், படியில ஏறறேன். என் முழங்கால் உன்னைச் சும்மா விடாது, சொல்லிட்டேன்.”

மேலாளர் ஓடி வந்தார். அடித்தளத்துக்கு அவர் வந்ததே இல்லை என்பதால் முதலில் பொருட்கள் அறைக்குப் போய்விட்டு, பிறகு இங்கே வந்தார்.

“அணைச்சுடு,” என்றார் மூச்சு வாங்க. “ஏழை அணைச்சுடு. யோசிக்காதே.”

“நீங்களே அணைச்சுடுங்க சார்.”

அவர் வேகமாகக் கையை நீட்டினார். விரல் பட்டனுக்கு ஒரு அங்குலத்தில் நின்றது. காகிதத்தின் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். நீட்டிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கையெழுத்தைப் பாத்தா ரொம்ப உறுதியான ஆளாத் தெரியுது.”

“ஆமாம் சார்.”

“நான் உனக்கு எழுத்துபூர்வமா அனுமதி அனுப்பிடறேன். அதுதான் முறை.”

கைபேசியில் நெடுநேரம் தட்டினார். அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. ‘ஏழாவது இயந்திரத்தை அணைக்கலாமா என்பதைத் தாங்கள் பரிசீலிக்கவும்.’

“சார், இது அனுமதி இல்லை.”

“அனுமதி இல்லைன்னும் இல்லையே.”

அந்த நேரம் பார்த்துக் கணவன் கூப்பிட்டான். தினமும் பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து ஒரு படம் அனுப்புவான். கேஸ் சிலிண்டரின் மூடிய குமிழ். அவள் கேட்காமலே அனுப்பப் பழகியிருந்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் அவளிடம் சேர்ந்திருந்தன.

“படம் வந்துச்சா? இன்னிக்குப் பக்கவாட்டுலயும் ஒண்ணு எடுத்திருக்கேன்.”

“ஏங்க,” என்றாள். “இங்க ஒண்ணை அணைக்கணும். பயமா இருக்கு.”

“உனக்கா? அணைக்கறதுல உனக்கு என்னிக்குப் பயம் இருந்துச்சு? ஃபேன், லைட், நான் பாத்துட்டிருக்கற டிவி, எதை விட்டு வச்ச? அணைச்சோமா இல்லையான்னுதான் உனக்குப் பயம்.”

“இது வேற. அணைச்சா என்ன ஆகும்னு தெரியாது.”

“அணைச்சுட்டு ஒரு படம் அனுப்பு. நான் பாத்துச் சொல்றேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. அதற்குள் அறையின் தொலைபேசி அடித்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தவில்லை, திட்டவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் ஒரு ரத்த ரிப்போர்ட் மட்டும் வரணும்மா. மயக்க மருந்து டாக்டர் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறார். எவ்வளவு நேரமாகும்னு சொல்லும்மா.”

தெரியாத பூதம் ஒரு பக்கம், ஆபரேஷன் மேசைமேல் காத்திருக்கும் மனிதர் ஒருவர் இன்னொரு பக்கம்.

“இப்பவே வரும்,” என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலாளர் சத்தமாக எண்ணினார். மூன்றுக்குப் பிறகு அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழின் இரைச்சல் இறங்கி, இறங்கி, ஒரு பெருமூச்சு போல அடங்கியது. மற்ற பதினொன்றின் இரைச்சல் அவர்கள் காதில் விழவே இல்லை.

ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார்கள்.

திரையில் ஒரு கட்டம் சிவப்பிலிருந்து பச்சையானது. பிறகு இன்னொன்று. நோயாளி போய்விட்டது என்று தெரிந்ததும் மற்றவை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டன. ஆறு எழுந்தது. எட்டு எழுந்தது. பதினொன்றும் பச்சை. பூட்டு தானாகத் திறந்துகொண்டது. தேங்கிக் கிடந்த நாற்பது ரிப்போர்ட்டுகள் மளமளவென்று மாடிக்கு ஏறின.

“வந்துடுச்சும்மா. ரொம்ப நன்றி,” என்றாள் தியேட்டர் நர்ஸ்.

“மூணாவது மாடியில நிக்கறேன்,” என்றாள் டெக்னீஷியன் மூச்சிரைக்க. “நான் தாளை நீட்டறேன், அவங்க ஸ்க்ரீனைக் காட்டறாங்க. நல்லா இரு நீ.”

அவளுக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் பிடித்தது. எதுவும் நடக்கவில்லையே, ஏன்?

“லிஃப்ட் ஓடுதா?” என்றார் மேலாளர்.

விசாரித்தாள். ஓடியது.

“ஆக்சிஜன்? தண்ணி மோட்டார்? வாசல் கதவு?”

ஒவ்வொன்றாக விசாரித்தாள். இரண்டு முறை விசாரித்தாள். எல்லாம் ஓடியது.

பொதுத் தகவல் கிடங்கில் ஏழு இத்தனை காலம் எழுதிவைத்திருந்த பதிவேட்டைத் திறந்தாள். இதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை. திறந்தாலே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். உள்ளே ஒரே ஒரு வரி லட்சக்கணக்கான முறை இருந்தது. இயந்திரம் வாங்கிய புதிதில் யாரோ சூடு தாங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை நிரலை ஓடவிட்டு, நிறுத்த மறந்து போயிருக்கிறார்கள். ஏழு ஒரே கணக்கைப் போட்டு, சரியா என்று பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்து, வருடக்கணக்காகத் தன்னையே காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டைக்கூடச் சுமந்ததில்லை.

அவளுக்கு ஏழின்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. உறவுக்காரி ஒருத்தியை இவ்வளவு தாமதமாகவா சந்திப்பது?

“அப்போ எதுக்காக அணைக்கக் கூடாதுன்னு எழுதினார்?” மேலாளரின் குரல் தணிந்திருந்தது. “அவ்வளவு பெரிய மூளைக்காரர். இதுக்குப் பின்னால வேற ஏதோ இருக்கு. நமக்கு எட்டலை. திரும்பப் போட்டுடலாமா?”

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விரல் பட்டனை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

மணி பதினொன்றரை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு துப்புரவு அக்கா வாளியோடு உள்ளே வந்தாள். இவர்களைப் பொருட்படுத்தாமல், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து ஏழின் பின்னால் மறைந்தாள். ஏதோ பிழியும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் வெளியே தலையை நீட்டியபோது, அந்த முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து மேலாளர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“யாரு இதை அணைச்சது? படிச்சவங்கதானே நீங்கள்லாம்? இத்தனை பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன், இந்த ஈரத்துணியையெல்லாம் இனிமே நான் எங்க காயப்போடுவேன்?”